பெட்டி இல்லை

பதுளைச் சிறை, பெண்கள் பகுதி
2024 பெப்ரவரி 2

மதுரன் சேர்,

நான்தான், தனுஜா. மடுல்சீமைப் போன் டவரைப் பார்த்துக்கொள்கிற உங்கள் தனுஜா. இப்போது விளக்கமறியலில் இருக்கிற தனுஜா. இங்கே போன் கிடையாது, கடிதம்தான். அதையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும். மறைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நேற்று ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். "மதுரன் சேர்தான் அனுப்புனாரு, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டினான். "அப்படியா? சேர் மொத மொதல்ல மடுல்சீமைக்கு வந்த அன்னிக்கு என்னத்தத் தொலைச்சாரு, சொல்லு பாப்போம்" என்றேன். விழித்தான். "போடா" என்றேன். போய்விட்டான்.

நாம் போனில் செய்ததைக் கடிதத்திலும் செய்வோம் சேர். நீங்கள் பதுளை ஆபீஸில் இருந்துகொண்டு மடுல்சீமை ரவுட்டரில் எதையாவது மாற்றச் சொன்னால், அது நீங்கள்தானா என்று பார்க்க முதலில் ஒரு கேள்வி கேட்பேனே. நீங்களும் எரிந்து விழுந்துகொண்டே பதில் சொல்வீர்களே. அதேதான். ஒவ்வொரு கடிதமும் ஒரு கேள்வியோடு முடியட்டும். அடுத்தது அதன் பதிலோடு தொடங்கட்டும். பதில் சரியில்லாத கடிதத்தை நான் நம்ப மாட்டேன்.

முருகையா செத்துவிட்டானா, இருக்கிறானா? ஒருத்தரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். கழுத்தைத்தான் குறிவைத்தேன். கையைக் குறுக்கே போட்டுவிட்டான். என் அண்ணன் அழகரைக் காட்டிக்கொடுத்த கை அது. போனால் போகட்டும்.

என் கேள்வி அதேதான். அன்றைக்கு என்னத்தைத் தொலைத்தீர்கள்?

தனுஜா


பதுளை
பெப்ரவரி 7

ஒரு செருப்பு. இடது கால். பஸ் மிதிபலகையில் இருந்து நழுவிப் பள்ளத்துக்குள் போனது.

தனுஜா, முருகையா உயிரோடு இருக்கிறார். பதுளை ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே வைத்துக் கையை எடுத்துவிட்டார்கள். புண் அழுகிவிட்டது என்று பிறகு இன்னொரு முறை முழங்கைக்குக் கிட்ட எடுத்தார்கள். நான் வார்ட் வாசல்வரை போனேன். மருந்து கட்டும்போது அவர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. உள்ளே போகாமலே திரும்பிவிட்டேன். ஏன் என்று இப்போது கேளாதேயும்.

என்ன வேலை பார்த்துவிட்டீர்! ஒரு ஆணி கோணினால்கூடப் பிடுங்கித் திரும்ப அடிக்கிற பிள்ளை நீர். கத்தியைத் தூக்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் எடுத்திருக்கக் கூடாதா? உம்மில் எனக்கு வந்திருக்கிற ஆத்திரத்துக்கு அளவில்லை. அதைவிடக் கூடுதலாக வேறு ஒருவனில் ஆத்திரம் இருக்கிறது. அது பிறகு.

டவரில் நீர் பார்த்தது என்ன என்று ஒன்றும் விடாமல் எழுதும். எத்தனை மணி, எந்த ரவுட்டரின் பெயர். எனக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும்.

கேள்வி: உமது ஏணியில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது?

மதுரன்


சிறை
பெப்ரவரி 10

யார் பெயரும் இல்லை. "தொட்டா கை முறியும்" என்று எழுதியிருக்கிறது. அண்ணன் எழுதியது.

மணி கேட்டீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

மேல் பிரிவில் நம் ஆட்கள் குடியிருக்கிற லயங்களைத் தோட்டத்து ஆபீஸ் இடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் அண்ணன்தான் வீடு வீடாகப் போய் மனுவுக்குக் கையெழுத்துச் சேர்த்தது. ஜனவரி 21 பின்னேரம் லயத்துப் போனில் கூடப் போகிற மூன்று பேரிடமும் சொன்னது: "ரோட்டு வழியா வேணாம்டா, ஆளு நிப்பாங்க. காலையில காட்டு மதகு வழியா எறங்கி பதுளைக்கு பஸ்ஸப் புடிப்போம்." நம் வலையமைப்பின் போன், சேர். வெளியே எவனுக்கும் கேட்காது என்று லயம் லயமாகப் போய்ச் சத்தியம் பண்ணியவள் நான்.

மதகடியில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். மூன்று பேர் காட்டுக்குள் ஓடித் தப்பினார்கள். அண்ணனை அலவாங்குக் கம்பியால் அடித்திருக்கிறார்கள். ஒரு கண் இருந்த இடத்தில் கண் இல்லை. கையெழுத்துத் தாள்களைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தார்கள். நான்தான் விரலை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பல்லும் கூடவே வந்தது.

சுடுகாட்டில் இருந்து நேராக டவருக்குப் போனேன். 21ஆம் தேதி நாலு மணி பத்து நிமிடத்தில் இருந்து நம் போன் பேச்செல்லாம் நேரே பதுளைக்குப் போகவில்லை. "என் வழியா வாங்க" என்று நடுவில் ஒரு ரவுட்டர் கூப்பிட்டிருக்கிறது. எல்லாம் அதற்குள் போய் வந்திருக்கிறது. நடுவில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்லாப் பேச்சும் கேட்கும், நீங்கள் சொல்லித் தந்ததுதான். அதன் பெயர் முருகையா கடை, அவன் கடைச் சுவரில் நாம் மாட்டிய ரவுட்டரின் பெயர். அண்ணன் தினமும் பீடி வாங்குகிற கடை!

அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். தேயிலைச் செடியை ஒரே வெட்டில் சாய்க்கிற கத்தி. கடையில் அவன் தனியாக இருந்தான். "பெட்டி இல்ல தங்கச்சி, பெட்டியே இல்ல, செவத்தப் பாரு" என்று கத்தினான். திரும்பத் திரும்ப அதையே கத்தினான். ரவுட்டரை ஒளித்துவைத்துவிட்டுப் பேசுகிறான் என்று நினைத்தேன். சுவரை நான் பார்க்கவில்லை. ரத்தம் சீனிச் சாக்கில் அடித்தது. எனக்கு ஒரு சொட்டு வருத்தம் இல்லை.

கேள்வி: என் அண்ணன் உங்களை என்னவென்று கூப்பிடும்?

தனுஜா


பதுளை
பெப்ரவரி 17

கம்பி வாத்தியார். இனி அப்படிக் கூப்பிட ஆளில்லை.

தனுஜா, இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முருகையா சொன்னது உண்மை. சுவரில் பெட்டி இல்லை. கரண்ட் கூடிக் கருகிப்போன அந்த ரவுட்டரை ஜனவரி 19ஆம் தேதி, சாமான் எடுக்கப் பதுளைக்கு வந்தபோது, அவரே என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "தனுஜாவுக்கு ஏன் கஸ்டம், நானே கொண்டாந்துட்டேன்" என்றார். அது இன்றைக்கும் என் மேசையில்தான் இருக்கிறது. நீர் பார்த்தது அதன் பெயரை மட்டும்தான். பேசியது வேறொரு பெட்டி.

எப்படி என்று கேட்பீர். ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும். சொல்வது யார் என்று நிச்சயப்படுத்த, ஒவ்வொரு சேதியிலும் ரகசியச் சாவியால் ஒரு முத்திரை வைப்போம். முத்திரை பொருந்தாவிட்டால் தூக்கி எறிய வேண்டியது. இதை நான் சொல்லித் தந்த அன்று நீர் சிரித்தீர். "காலைப் பெரட்டுல ஆள் எண்ணுறப்போ கங்காணி மூஞ்சியப் பாக்காம பேர் போட்டா, எவனும் எவனுக்கும் 'இருக்கேன்' சொல்லலாம், அதானே சேர்?" என்றீர். அதுவேதான்.

போன கார்த்திகையில் நம்மிடம் வேலை செய்த சுபாஸ் விலகி, தோட்டத்து ஆபீஸில் சேர்ந்தான். அவனுக்குச் சாவி தெரியும். ஆகவே மாற்ற வேண்டும். தூரத்தில் இருப்பதை முதலில் மாற்றி, கிட்ட இருப்பதைக் கடைசியில் மாற்றுவதுதான் முறை. நான் அவசரத்தில் பதுளையை முதலில் மாற்றினேன். அந்த நிமிடமே மடுல்சீமை முழுக்க அறுந்தது. மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்த வாரம் அது. மூன்று நாள் உங்கள் லயங்களில் ஒரு போனும் இல்லை. மழைக்குள் நடந்து ஏறினோமே, அது டவர்ப் பழுது என்று உமக்குச் சொன்னேன். பொய். என் பிழை.

நீர் கம்பத்து உச்சியில் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருந்தீர். நான் கீழே குந்தியிருந்து புதுச் சாவியை அடித்தேன். விரல் விறைத்து மூன்று முறையும் பிழையாகிப் போனது. சாவியே வேண்டாம், யார் சொன்னாலும் நம்பு என்று எழுதிவிட்டேன். கீழே வந்து பதுளையிலும் அப்படியே செய்தேன். போன்கள் உயிர்த்தன. 'ரோடு சரிவரட்டும், பிறகு போடுவம்' என்று நினைத்தேன். போடவில்லை. அறிக்கையில் 'புதிய சாவி இடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

உமது அண்ணனை நான் கொன்றேன் என்றும் சொல்லலாம். கேள்வி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மதுரன்


சிறை
பெப்ரவரி 20

கேள்வி இல்லாத கடிதம் அனுப்பாதீர்கள். உங்கள் மனம் யாருக்கு வேண்டும்?

நாசமாய்ப் போவீர்கள். போன் எடுத்தால் என்னிடம் நூறு கேள்விக்குப் பதில் சொல்கிற மனுசன், பெட்டிக்கு ஒரு சாவி போடவில்லை. மூன்று மாதம்! எத்தனை தரம் டவருக்கு வந்தீர்கள், என் கையால் எத்தனை பிளேன்டீ குடித்தீர்கள், அப்போதெல்லாம் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? உங்களை வெட்ட வேண்டியது. ஆளை மாற்றி வெட்டிவிட்டேன்.

நேற்று முழுக்கத் தலையைச் சுவரில் மோதிக்கொண்டேன். நெற்றி பிளந்து தையல் போட்டிருக்கிறார்கள். அவர் சுவரைப் பார் என்றார் சேர். தலையைத் திருப்பினால் போதும். திரும்பவில்லை நான்.

இனி நான் சொல்வதைச் செய்யுங்கள். வார்ட் வாசலில் நின்றது போதும். உள்ளே போய் முருகையா அண்ணனிடம் உங்கள் வாயாலே சொல்லுங்கள். மார்ச் 14 வழக்கு. அங்கே வந்து ஜட்ஜ் முன்னால் சொல்லுங்கள். வேலை போகும், போகட்டும். அந்தக் கள்ளப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். நான் வெட்டியது வெட்டியதுதான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் காட்டிக்கொடுத்தவர் என்ற பேச்சு லயத்தில் நிற்கக் கூடாது. அவருடைய கடையை எரித்துவிட்டார்களாம். பெண்சாதி ஜெயலெட்சுமி பிள்ளைகளோடு பெரகலயில் தங்கச்சி வீட்டில் கிடக்கிறார்களாம். இதெல்லாம் நான் மூட்டின தீ.

கேள்வி: என் இடது கையில் உள்ள தழும்பு எதனால்?

தனுஜா


பதுளை
பெப்ரவரி 28

சோல்டரிங் இரும்பு. மேசையில் கவனமில்லாமல் வைத்தது நான்.

முருகையாவிடம் போனேன். எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, மிஞ்சியிருக்கிற கையால் என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. "இது எனக்கு. தனுஜாவுக்கு ஒன்னு பாக்கி இருக்கு" என்றார். அழுதார். நானும் அழுதேன்.

பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டேன். அன்டெனாவை வைத்துக்கொண்டு சிக்னல் கூடுகிற பக்கம் பார்த்து இரண்டு நாள் நடந்தேன். மூடிக் கிடக்கிற பழைய தேயிலை ஸ்டோரின் மேல்மாடி. முன்பு கொழுந்து வாட்டிய தட்டுகளுக்குப் பின்னால், தகரத்தைக் கவிழ்த்து மறைத்து வைத்திருந்தார்கள். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் தன் பெயர் முருகையா கடை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே அமைப்பு முழுதும் சுபாஸின் கை. அவன் எழுதுகிற முறை எனக்குத் தெரியும், நான்தானே பழக்கினேன். கேட்ட பேச்சுகளின் பதிவும் அதற்குள் இருக்கிறது. உமது அண்ணனின் குரலும் இருக்கிறது. எனக்குக் கேட்கத் துணிவில்லை.

படம் பிடித்துவிட்டு, கழற்றி எடுத்து வந்துவிட்டேன். இறங்கும்போது ஸ்டோர் வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். என் மோட்டார் சைக்கிளின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்கள். பயமில்லை என்று சொல்லமாட்டேன்.

கேள்வி: எங்கள் ஆபீஸ் கேத்தல் ஏன் அன்று கொதிக்கவில்லை?

மதுரன்


சிறை
மார்ச் 2

நான் அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு என் போனைச் சார்ஜில் போட்டிருந்தேன். ஆபீஸில் ஷிஹானா அக்காதான் கண்டுபிடித்துத் திட்டினார்.

சேர், விளையாடாதீர்கள். பெட்டியை வீட்டில் வைக்காதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த கையோடு லோயர் சுலோஜனாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்தான் எனக்காக ஆஜராகிறவர், கச்சேரி அரசாங்க ஆபீஸுக்குப் பின்னால் வீடு. தனியாகப் போக வேண்டாம். என் அண்ணனும் தனக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தது.

நான் உங்களை மன்னிக்கவில்லை. ஆனால் இன்னொரு ஆளின் வாய்க்குள் இருந்து தாள் எடுக்க எனக்குத் தெம்பில்லை.

கேள்வி: மண் சரிந்த வாரம் டவருக்கு ஏறும்போது பாறையில் உட்கார்ந்து அழுதீர்களே, ஒருவருக்கும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்களே. எதற்கு அழுதீர்கள்?

தனுஜா


பதுளை
மார்ச் 6

பயத்தில் அழுதேன்.

தனுஜா, நான் எழுதியதில் தவறு இருக்கிறது. நன்றாக யோசித்துப் பார்த்தேன். முருகையாவின் ரவுட்டர் அன்றைக்குக் கடையில்தான் இருந்தது. திகதியை நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். ஸ்டோரில் எடுத்த பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதை லோயரிடம் இருந்து திரும்ப வாங்கித் தரும்படி நீர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் போதும். முருகையாதான் காட்டிக்கொடுத்தார், அந்தக் கோபத்தில் வெட்டினேன் என்று சொன்னால் உமக்குத் தண்டனையும் குறையும். நான் வெளிநாடு போகிறேன். இனிக் கடிதம் எழுத வேண்டாம்.

மதுரன்


சிறை
மார்ச் 8

மதுரன் சேர்,

இது உங்களுக்குக் கிடைக்குமா தெரியாது. ஆபீஸ் முகவரிக்கு, ஷிஹானா அக்கா கைக்குத்தான் அனுப்புகிறேன்.

உங்கள் பெயரில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் கையெழுத்தைப் போலவே இருந்தது. 'நீர், உமது' என்றெல்லாம் அச்சாக உங்களைப் போலவே எழுதியிருந்தது. என் பழைய கடிதங்களை உங்கள் அறையில் இருந்து எடுத்துப் படித்துவிட்டு எழுதியிருக்கிறான். கேள்விக்குப் பதிலும் வைத்திருந்தான். பிழையான பதில்.

உங்களை ஒன்றும் செய்யாமல் இப்படி ஒரு கடிதம் எழுத முடியாது. அந்த நிமிடமே லோயரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். சுலோஜனா அக்கா வந்தார். "இது சேர் எழுதுனது இல்ல அக்கா. அவரப் புடிச்சு வச்சிருக்காங்க. பழைய ஸ்டோர்ல தேடச் சொல்லுங்க" என்றேன். "ஒரே ஒரு பதில் பிழைச்சா அப்பிடி முடிவெடுக்கலாமோ? மறந்தும் எழுதியிருக்கலாம்தானே?" என்றார். "இத மறக்க மாட்டாரு. நான் ஒரு தடவ முத்திரை இல்லாத சேதிய நம்பி ஒரு மனுசன் கைய வெட்டுனேன் அக்கா. இன்னொரு தடவ நம்ப மாட்டேன்" என்றேன். என் நெற்றித் தையலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போலீஸுக்குப் போனார்.

உயிரோடு இருங்கள். கேள்வி பழையதுதான். பதில் இன்னும் வரவில்லை.

தனுஜா


பதுளை ஆஸ்பத்திரி
மார்ச் 12

அட்டைக்கு.

காலுக்குள் ஏழெட்டு அட்டை ஏறிவிட்டது என்று இந்த யாழ்ப்பாணத்தான் பாறையில் குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். நீர் உப்புப் போட்டுப் பிடுங்கினீர்.

கையெழுத்து வேறு என்று பயப்படாதேயும். சொல்வது நான். என் வலது கையில் நாலு விரலை உடைத்துவிட்டார்கள். லோயரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பிடித்தார்கள். அதே ஸ்டோர், அதே மேல்மாடி. சுபாஸ் உமது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் அழுதனீங்கள், சொல்லுங்கோ சேர்" என்று கேட்டான். சொல்லாத ஒவ்வொரு முறைக்கும் ஒரு விரலைத் தட்டில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். நாலாவது விரலோடு "பயத்தில்" என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டான். அந்த நிலையில் என்னைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். நீர் நம்பமாட்டீர் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் போலீஸ் கதவை உடைத்தது. சுபாஸையும் இன்னும் ஐந்து பேரையும் பிடித்துவிட்டார்கள்.

14ஆம் தேதி என்னைச் சக்கர நாற்காலியில் கொண்டுவருவார்கள். அறிக்கையில் பொய் எழுதியதில் இருந்து தொடங்குவேன்.

எனக்காக இதை எழுதுகிறவர் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார். இடது கையால் எழுதப் பழகுகிறார். ஒரு மணி நேரமாக எழுதுகிறார். கடைசிக் கேள்வியைத் தான் கேட்பதாகச் சொல்கிறார்.

தங்கச்சி, நான் முருகையா. சேர் சொன்னத அப்படியே எழுதிட்டேன். இது என் பேச்சு. உன்னைய மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரல. ராவெல்லாம் இல்லாத கை வலிக்குது. அழகர் எனக்கும் கூடப் பொறந்தவன் மாதிரித்தான். ஒன்னே ஒன்னு கேக்குறேன். பெட்டி இல்லன்னு அன்னிக்கு நான் எத்தன தடவ சொன்னேன்?


சிறை
மார்ச் 15

ஏழு தடவை, அண்ணே.

நேற்று கோர்ட்டில் ஜட்ஜ் கேட்கும் முன்பே அதைச் சொன்னேன். நீங்கள் வார்ட்டில் இருந்ததால் கேட்டிருக்க மாட்டீர்கள். மூன்று தடவை மேசைக்குப் பின்னால் நின்று சொன்னீர்கள். ரெண்டு தடவை சுவரைக் கைகாட்டிச் சொன்னீர்கள். ஒரு தடவை என் அண்ணன் மேல் சத்தியம் பண்ணிச் சொன்னீர்கள். ஒரு தடவை பின்வாங்கித் தடுக்கிக் கீழே விழுந்துகொண்டே சொன்னீர்கள். எல்லாம் என் காதில் விழுந்தது.

எட்டாவது தடவைக்கு வாயைத் திறந்தீர்கள். அதற்குள் நான் கத்தியை இறக்கிவிட்டேன்.

தனுஜா